‘என்ன’ என்று கேட்க 3 சொற்கள்: மூன்றையும் கலந்து எழுதியவர்களுக்கு என்ன ஆச்சு?

2023-ல் யூரோவுக்கு மாறும் வரை குரோஷியாவில் புழங்கிய 5 குனா நோட்டில் இரண்டு பேர் இருப்பாங்க. ஒருவர் பேத்தர் ஸ்ரின்ஸ்கி, இன்னொருவர் அவரது மச்சான் ஃபிரான் கிர்ஸ்தோ ஃபிராங்கோபன். பேரரசருக்கு எதிராகச் சதி செய்ததாக 1671 ஏப்ரல் 30 அன்று தலை வெட்டப்பட்டவர்கள். அவர்களோடு ஒரு மொழி முயற்சியும் பாதியிலேயே நின்றுபோச்சு.

என்ன முயற்சி அது?

குரோஷிய மொழியில் மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. ‘என்ன?’ என்று கேட்க ஒன்றில் ‘ஷ்தோ’, இன்னொன்றில் ‘கய்’, மூன்றாவதில் ‘ச்சா’. வழக்குகளின் பெயரே இதை வைத்துத்தான்: ஷ்தோகாவியன், கய்காவியன், ச்சாகாவியன். கூபா ஆற்றின் மேலே நிற்கும் ஓஸால் கோட்டை, இவை கலக்கும் பகுதியில் இருக்கிறது. அங்கு கூடிய எழுத்தாளர்கள் ‘இது மட்டும்தான் சரி’ என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. மூன்றையும் கலந்து எழுதினார்கள். இதுதான் ‘ஓஸால் இலக்கிய வட்டம்’.

யார் என்ன எழுதினார்கள்?

பேத்தர், தன் அண்ணன் ஹங்கேரிய மொழியில் எழுதிய காவியத்தைக் குரோஷியத்துக்குக் கொண்டுவந்தார். 1660-ல் வெனிஸில் அச்சானது. அடுத்த ஆண்டு அங்கேயே அவர் மனைவி கத்தரீனாவின் பிரார்த்தனை நூல் ‘பயணத் துணை’ வெளியானது. துறவி இவான் பெலோஸ்தெனெட்ஸ், மூன்று வழக்குச் சொற்களையும் சேர்த்துப் பெரிய லத்தீன்-குரோஷிய அகராதி தொகுத்தார். கத்தரீனாவின் தம்பி ஃபிரான் கவிதை எழுதினார். 1668-ல் அரங்கேறிய மொலியேர் நாடகம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே மொழிபெயர்க்கவும் தொடங்கினார்.

ஏன் நின்றது?

1664-ல் ஒட்டோமான் படையை வென்ற பிறகும், பேரரசர் லியோபோல்ட் விட்டுக்கொடுத்து சமாதானம் செய்தார். கொதித்துப்போன பிரபுக்கள் வெளிநாட்டு உதவி தேடினார்கள். விஷயம் கசிந்தது. பேத்தரும் 28 வயது ஃபிரானும் கொல்லப்பட்டார்கள், சொத்துகள் பறிமுதல். கத்தரீனா 1673-ல் கிராஸ் நகரில் இறந்தார். அகராதி அச்சானது 1740-ல், தொகுத்தவர் இறந்து 65 ஆண்டுகள் கழித்து! ஃபிரானின் கவிதைகள் 1871 வரை காத்திருந்தன.

இப்போ?

19-ம் நூற்றாண்டில் பொதுமொழியை முடிவு செய்யும் நேரம் வந்தபோது, லுதேவித் காய் தலைமையிலான இயக்கம் ஷ்தோகாவியனைத் தேர்ந்தெடுத்தது. இத்தனைக்கும் அவர் கய்காவியன் பேசும் ஊர்க்காரர். மற்ற தென் ஸ்லாவிய மக்களையும் இணைக்க அதுதான் உதவும் என்பது கணக்கு.

ஓஸால் வட்டம் நீடித்திருந்தால், பாடப்புத்தகக் குரோஷியம் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. எது ‘சரியான’ மொழி என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்வதில்லை, அரசியலும் செய்கிறது. ஆனாலும் ஜாக்ரெப் தெருக்களில் இன்னைக்கும் ‘கய்?’ காதில் விழும்.