மறுபடியும் மனம் திறக்கத் தயங்கும் தாய்

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் கோவில் வாசலில் தயங்கி நிற்கும் சகோதரிகளை நாம் பார்க்கிறோம். "சாமி, கோர்ட்டில் விவாகரத்து ஆகிவிட்டது. என்னையும் என் பிள்ளையையும் ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்வந்திருக்கிறார். இது பாவமா?" இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

2001-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், நம் நாட்டில் கிறிஸ்தவத் தம்பதியர் பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்துப் பெற வழி உண்டு. ஆனால் அரசின் தீர்ப்பு அருளடையாளத்தின் கட்டை அவிழ்ப்பதில்லை. மறைமாவட்டத் திருமண நீதிமன்றமும் விவாகரத்து தருவதில்லை. தொடக்கத்திலேயே அத்திருமணம் செல்லுபடியானதா என்றே ஆராய்கிறது. மிரட்டி வாங்கிய சம்மதமா? ஏமாற்றி நடந்த திருமணமா? முன்பு செல்லாது என்ற தீர்ப்பை இரண்டு நீதிமன்றங்கள் சொல்ல வேண்டியிருந்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நிபந்தனையை நீக்கினார்.

"அப்படியானால் என் பிள்ளைக்கு என்ன பெயர்?" பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் பின்னர் செல்லாது எனத் தீர்ப்பானாலும், அதில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே (திருச்சட்டம் 1137). விவாகரத்துப் பெற்றாலே நற்கருணை வாங்கக் கூடாது என்று ஊரார் சொல்வதும் தவறு. மறுமணம் செய்யாதவருக்கு விவாகரத்து மட்டுமே தடையாகாது.

தயக்கம் எல்லாமே விசுவாசக் குறைவல்ல. "சீக்கிரம் முடிவு சொல்" என்று அவசரப்படுத்தும் அண்ணன்மாரையும் பார்த்திருக்கிறோம்! முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடமைப்பட்டவரின் திருமணத்துக்கு மறைமாவட்டத் தலைமையின் அனுமதியைத் திருஅவை கேட்கிறது (1071). வரப்போகிறவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்று அந்தப் பிள்ளை குழம்பிக்கொண்டிருக்கும். அதனிடமும் பேசுங்கள். திருமணச் சான்றிதழோடு பங்குத்தந்தையைப் பாருங்கள். அந்த மனிதருக்கு வாக்குக் கொடுப்பது தீர்ப்பு வந்த பிறகு இருக்கட்டும்.