இறால் குட்டைக்கு அனுமதி வாங்குவது எப்படி?

கடலே இல்லாத ஊரில் வெளிவரும் மலருக்குக் கடலோரச் சட்டம் பற்றி என்ன கட்டுரை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நம் கோலார் தங்கவயலில் கடல் இல்லைதான். ஆனால் சுரங்கம் ஓடிய காலத்தில் நம் லைன்களுக்கெல்லாம் குழாயில் வந்த பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர், பாலாற்றுத் தண்ணீர். அந்தப் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நம் தாத்தாக்கள் மூட்டை கட்டிப் புறப்பட்டு வந்த ஊர்களின் வழியாகவே போய், கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலைச் சேர்கிறது. இப்போது அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். உறவு மட்டும் விட்டுப் போகவில்லை. பெண் கொடுத்து, பெண் எடுத்து, இன்று நம் குடும்பங்களுக்குக் கடற்கரையோரத்திலும் சம்பந்திகள் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு சம்பந்தத்தால்தான் இந்தக் கட்டுரையும் பிறந்தது. எங்கள் லைனில் வளர்ந்த தம்பி ஒருவன், விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, வேதாரண்யம் பக்கத்துல என் மச்சான் இறால் குட்டை போடப் போறாரு. பாதிப் பணம் என்னைப் போடச் சொல்றாரு. கவர்ன்மெண்டு பர்மிஷன்லாம் ஆயிடுச்சாம். போடலாமா?" என்றான். பணம் அவன் சம்பாத்தியம் அல்ல. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது அவன் அப்பாவுக்கு வந்த செட்டில்மெண்டில், கல்யாணம் காட்சிக்கெல்லாம் போக மிஞ்சியது. அம்மா பெயரில் டெபாசிட்டாக இருக்கிறது.

நான் வக்கீல் அல்ல. சுரங்க சர்வே ஆபீசில் வரைபடம் போட்டே காலம் கழித்தவன். ஆனாலும், "பர்மிஷன் காகிதத்தைக் காட்டுப்பா" என்றேன். செல்போனில் ஒரு படம் காட்டினான். பெரிதாக்கிப் பார்த்தால் அது அனுமதி இல்லை. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது! நம்மவர்கள் பலரும் ஏமாறும் இடம் இதுதான். விண்ணப்பம் கொடுப்பது வேறு, பதிவுச் சான்றிதழ் கைக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

1990-களின் தொடக்கத்தில் ஆந்திரம், தமிழ்நாடு, ஒரிசா கரையெங்கும் இறால் மோகம் பிடித்தது. கம்பெனிகள் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டி, நெல் விளைந்த நிலங்களை விலைக்கு வாங்கிக் கரை கட்டி, உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றின. நாகப்பட்டினம், சீர்காழிப் பக்கம் நடந்ததை எண்ணிப் பாருங்கள். குட்டையில் தேங்கும் உப்புநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. பக்கத்து வயலில் நாற்று கருகுகிறது. ஊர்க் கிணறு கரிக்கிறது. அறுவடை முடிந்ததும் தின்னாமல் விட்ட தீனி, இறாலின் கழிவு, மருந்து எல்லாம் கலந்த தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். அந்த வாய்க்காலிலிருந்துதான் அடுத்த குட்டைக்காரர் தண்ணீர் எடுப்பார். ஒரு குட்டையில் நோய் வந்தால் ஊர் முழுதும் வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. 1994–95-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அதுதான் நடந்தது. கரையடைத்துக் குட்டைகள் நின்றதால் மீனவர்கள் கடலுக்குப் போக வழியில்லாமல் சுற்றிப் போனார்கள். நிலத்தில் நடவு, களை, அறுப்பு என்று கூலி பார்த்த பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது. நூறு பேர் வேலை செய்த நிலத்தைக் குட்டையாக்கினால் காவலுக்கு இரண்டு பேர் போதுமே!

இதை எதிர்த்து நின்றவர்கள் காந்தியத் தம்பதியரான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து, 1981-ல் 'லாப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்து வந்தவர்கள். பாடுபட்டு வாங்கிக் கொடுத்த நிலத்தின் பக்கத்திலேயே இறால் குட்டை வந்தால் சும்மா இருப்பார்களா? சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1994-ல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நாக்பூரிலுள்ள நீரி நிறுவனத்தை அனுப்பிக் கரையை ஆராயச் செய்தது. இறாலால் வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் சேதத்தின் மதிப்பே அதிகம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

1996 டிசம்பர் 11-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்புச் சொன்னார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று 1991 பிப்ரவரி 19 அறிவிப்பு வகுத்த பகுதிக்குள், அதாவது கடல் நீர் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், புதுமுறை இறால் பண்ணைகள் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். சிலிகா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1000 மீட்டருக்கும் இதே தடை. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது. கெடுத்தவரே நஷ்டஈடு தர வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் செய்யும் பழைய முறைக்கு மட்டும் விலக்கு. மண்டலத்துக்கு வெளியே பண்ணை வைத்தாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு அமைப்பை ஏற்படுத்தச் சொன்னதால், 1997 பிப்ரவரியில் நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பிறந்தது. நாம் இப்போது பேசும் 'பர்மிஷன்' என்ற சங்கதியே அன்றுதான் உருப்பெற்றது.

ஆனால் இடிப்பு நடந்ததா என்றால், மறுஆய்வு மனு, அவகாசம் என்று இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, கடற்கரை மண்டல அறிவிப்பின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று 1991 முதலே முன்தேதியிட்டுச் சொல்லிவிட்டது. 500 மீட்டர் போய் 200 மீட்டர் வந்தது. தீர்ப்பில் ஏழைகளுக்குக் கிடைத்ததில் பாதியைச் சட்டம் திருப்பி எடுத்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம். இறால் ஏற்றுமதியால் நாட்டுக்கு வரும் அன்னியச் செலாவணியையும், குட்டையை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயிகளையும் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். கடல், ஆறு, கழி, உப்பங்கழி இவற்றின் உச்ச நீர்க்கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் உப்புநீரில் இறாலோ மீனோ நண்டோ வளர்க்க வேண்டுமென்றால், சென்னையிலிருக்கும் அந்த ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும். அரை ஏக்கர் குட்டையானாலும் சரிதான். விண்ணப்பத்தை மாவட்ட மீன்வளத்துறை மூலமாகக் கொடுப்பது வழக்கம். 2005 விதிகளின்படி கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு அதைப் பார்த்தது. நீர்ப்பரப்பு 2 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை இருந்தால் நேராக ஆணையத்துக்குப் பரிந்துரை. அதற்கு மேலென்றால் இடத்தை நேரில் பார்த்து, மாநிலக் குழு வழியாகப் போக வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-ல் புதிய விதிகளும் வந்துவிட்டதால், படிவம், கட்டணம் இவற்றை ஆணையத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. பதிவில்லாமல் நடத்தினால் முன்பு 3 ஆண்டு வரை ஜெயில் என்று இருந்தது. 2023 திருத்தம் ஜெயிலை எடுத்துவிட்டு அபராதத்தை வைத்திருக்கிறது.

பட்டா அல்லது குத்தகைப் பத்திரம், சர்வே எண் போட்ட கிராம வரைபடம் இவையெல்லாம் யாரும் தயார் செய்துவிடுவார்கள். விஷயம் இருப்பது தூரங்களில்தான். கடல் உச்சக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் குட்டை கூடாது. ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் ஆறு, கழி, உப்பங்கழிகளில் கூடாது. 500 பேருக்குக் குறைவான கிராமமென்றால் வீடுகளிலிருந்து 100 மீட்டர், அதற்கு மேல் ஜனத்தொகை இருந்தால் 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். குடிதண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து 100 மீட்டர். இரண்டு பண்ணைகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர். மீனவர் கடலுக்குப் போகும் பாதையை மறிக்கக்கூடாது. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணையானால் கழிவுநீரைத் தேக்கிச் சுத்தம் செய்யும் குட்டை தனியே வேண்டும். இந்த ஒவ்வொரு எண்ணையும் படிக்கும்போது எனக்கு நாகப்பட்டினத்துக் கிணறும் வாய்க்காலும்தான் கண்முன் வந்தன. எந்த ஆபீசரும் உட்கார்ந்து யோசித்து எழுதிய எண்கள் அல்ல அவை.

இன்னொன்று, வளர்ப்பது வனாமி இறாலா என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்த அந்த இனத்தை 2009 முதல்தான் நம் நாட்டில் பரவலாக வளர்க்க அனுமதித்தார்கள். பழைய கருவண்டு இறாலுக்குப் பதிவு இருக்கிறது என்பதால் வனாமியை விட்டுவிட முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். நண்டு புகாத வேலி, பறவை வலை, கழிவுநீர்க் குட்டை எல்லாம் அதற்குக் கட்டாயம். குஞ்சும் பதிவு பெற்ற பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும்.

நிலத்தில் குட்டை வெட்டாமல் கடலிலேயே மிதவை கட்டிப் பாசியோ, கூண்டு வைத்து மீனோ வளர்ப்பதானால் கதை வேறு. மன்னார் வளைகுடாவில் 1986-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் கடல் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே வனத்துறை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம். மண்டபத்துப் பெண்கள் பலர் பிழைக்கும் காப்பாபைகஸ் பாசியைப் பூங்காப் பக்கம் விடாமல், பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாமென்று 2005-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்த பாசி அது. 2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாப் பாதுகாப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே, "கடல் யாருக்கும் சொந்தமில்லையே" என்று மிதவை விடுவதற்கு முன் எந்தக் கோட்டுக்குள் விடுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னபோது, "ஏன் சித்தப்பா இவ்ளோ கெடுபிடி? அவங்க ஊரு நிலம், அவங்க குட்டை" என்றான். ஜன்னலைத் திறந்து சயனைடு மேட்டைக் காட்டினேன். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். கம்பெனி போய்விட்டது, மேடு போகவில்லை. காற்றடிக்கும் மாதங்களில் சோற்றிலும் துணியிலும் அந்த வெள்ளைத் தூசிதான். அதைக் கொட்டும்போது வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளிக் கொட்டு என்று நமக்காகக் கேட்க யார் இருந்தார்கள்? பையன் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் மச்சானிடம் சர்வே எண்ணும் கிராம வரைபடமும் கேட்டு வாங்கி வந்தான். மேசையில் விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். கடலிலிருந்து தூரம் போதுமானது; அங்கே பிரச்சினை இல்லை. கோடிக்கரை சரணாலயமும் எட்டத்தில் இருக்கிறது. நிலத்தின் மேற்கு மூலைக்கு அருகில் 'குளம்' என்று ஒரு நீலப் புள்ளி. வரைபடக் கணக்குப்படி 70, 80 மீட்டர் வரும். "இது குளிக்கிற குளமா, குடிக்கிற குளமா?" என்று கேட்டேன். அங்கிருந்தபடியே போன் போட்டான். மச்சான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோடையில ஊரே அதுலதான் தண்ணி எடுக்கும் மாப்ளே" என்றாராம்.

அந்த மூலையை விட்டுவிட்டு, நிலத்தின் கிழக்குப் பாதியில் மட்டும் சின்னதாகக் குட்டை வெட்டி, விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தால் ஒருவேளை நடக்கலாம். விளைநிலமாகப் பதிவாகியிருக்கிறதா என்று அடங்கலையும் பார்க்க வேண்டும். பொங்கல் லீவில் தம்பி அங்கே போகிறான். சர்வே ஆபீசிலிருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த 30 மீட்டர் டேப்பைக் கொடுத்திருக்கிறேன். டெபாசிட் ரசீது இன்னும் அவன் அம்மா பெட்டியில்தான் இருக்கிறது.