கடைசி பெஞ்சுக்கு முதல் சான்ஸ்

நம்ம பிளேஸ்மென்ட் சீசனை அப்படியே தலைகீழா யோசிச்சுப் பாருங்க. கம்பெனியை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. போன வருஷம் எந்தக் கம்பெனி ரொம்ப மோசமா போச்சோ, அதுக்குத்தான் டே ஒன், முதல் ஸ்லாட். மொத்த பேட்ச்சையும் பார்த்து ஒருத்தரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவாங்க. அப்புறம் ரெண்டாவது மோசமான கம்பெனி. நல்லா லாபம் பார்த்த கம்பெனி கடைசியா வரும். உங்க பேரைச் சொல்லிட்டா அங்கதான் வேலை.

கிறுக்குத்தனமா தெரியுதா? அமெரிக்காவின் நேஷனல் ஃபுட்பால் லீக், அதாவது என்எஃப்எல், ஒவ்வொரு ஏப்ரலும் இதைத்தான் செய்யுது. பேர் டிராஃப்ட். (இது நாம காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஓடுற, ஹெல்மெட் போட்டு மோதிக்கிற அந்த விளையாட்டு.) மூணு நாள் நடக்கும். அங்க ஒரு பந்து கூட வீசப்படாது. ஆனா சில ஊர் ரசிகர்களுக்கு வருஷத்திலேயே பெரிய நாள் அதுதான். ஏன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டிராஃப்ட் எப்படி நடக்குது?

மொத்தம் 32 டீம், 7 ரவுண்ட். ஹை ஸ்கூல் முடிச்சு மூணு வருஷமாவது ஆகியிருக்கணும்ங்கிறது விதி. அதனால வர்ற எல்லாருமே கிட்டத்தட்ட காலேஜ் பசங்க, நம்ம வயசுதான். போன சீசன்ல கடைசியா வந்த டீம் முதல்ல எடுக்கும், சூப்பர் போல் ஜெயிச்ச டீம் ரவுண்டோட கடைசியில எடுக்கும். ஐபிஎல் ஏலத்தில் பணம்தான் பேசும். இங்க பணத்துக்கு வேலை இல்ல, வரிசைதான் எல்லாம்.

இந்த யோசனையைக் கொடுத்தவர் பெர்ட் பெல், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமோட ஓனர். அப்போ அவரோட டீம் ரொம்ப வீக். நல்ல பிளேயர்கள் எல்லாம் பெரிய டீம்களுக்கே போயிட்டிருந்தாங்க. பலசாலி மேலும் பலசாலி ஆனா லீக்கே போரடிச்சுப் போயிடும்னு 1935ல மத்த ஓனர்களைச் சம்மதிக்க வச்சார். 1936ல முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பிக் அவரோட டீமுக்குத்தான். எடுத்தது ஜே பெர்வாங்கர்ங்கிற காலேஜ் ஸ்டாரை. அவர் கடைசி வரைக்கும் என்எஃப்எல்ல ஒரு ஆட்டம் கூட ஆடவே இல்ல!

ஆக, வரலாற்றின் முதல் டிராஃப்ட் பிக்கே ஏமாற்றம்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொரு முக்கியமான விஷயம்: பிக்குகளை டீம்கள் கைமாத்திக்கலாம். "என்னோட 2ஆம் பிக்கை எடுத்துக்கோ, உன்னோட 5ஆம் பிக்கும் அடுத்த வருஷ முதல் ரவுண்ட் பிக்கும் கொடு"ன்னு பேரம் பேசலாம். 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் டீம் இதுக்கு ஒரு விலைப்பட்டியலே போட்டாங்க. முதல் பிக்குக்கு 3000 பாயின்ட், 32ஆவது பிக்குக்கு 590. லீக் முழுக்க ரொம்ப காலம் இந்தக் கணக்கை வச்சுத்தான் பேரம் நடந்தது.

கிளீவ்லேண்டில் ஏப்ரல்

இந்த சிஸ்டத்தோட நல்லது கெட்டது எல்லாத்தையும் ஒரே டீம்ல பார்க்கணும்னா, ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸைப் பாருங்க.

1995 சீசன் முடிஞ்சதும் ஓனர் டீமை பால்டிமோருக்குக் கொண்டு போயிட்டார். பேரும் நிறமும் கிளீவ்லேண்டுக்கே இருக்கட்டும்னு விட்டாங்க, ஆனா பிளேயர்கள் போயிட்டாங்க. பால்டிமோர் ரேவன்ஸ்னு புதுப் பேரோட 1996 டிராஃப்டுக்கு வந்த அந்த டீம், முதல் ரவுண்ட்ல எடுத்த ரெண்டு பேர் ஜோனதன் ஆக்டன், ரே லூயிஸ். ரெண்டு பேரும் பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போனாங்க. தன் ஊர் டீம் வேற ஊர்ல போய் ஜெயிக்கிறதை கிளீவ்லேண்ட்காரங்க டிவியில பார்த்தாங்க.

1999ல கிளீவ்லேண்டுக்குப் புது டீம் கிடைச்சது. முதல் பிக்கும் கிடைச்சது. டிம் கவுச்ங்கிற குவாட்டர்பேக்கை எடுத்தாங்க. குவாட்டர்பேக்னா பந்தை எறியறவர், மொத்த ஆட்டத்தையும் ஓட்டுறவர். அந்த ஒரு இடம் சரியா அமையலைன்னா மத்த எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. கவுச்சுக்கு அமையல. 2007ல பிரேடி க்வின், 2012ல பிராண்டன் வீடன், 2014ல ஜானி மன்சியல். மூணு பேருமே குவாட்டர்பேக், மூணு பேருமே 22ஆவது பிக், மூணு பேருமே நிலைக்கல. ஒரு ரசிகர் டிம் கவுச் ஜெர்சியில அடுத்தடுத்து வந்த குவாட்டர்பேக்குகளோட பேரை எல்லாம் டேப்ல ஒட்டிக்கிட்டே போனார். முதுகுல இடம் பத்தாம லிஸ்ட் கீழே இறங்கிடுச்சு.

அப்புறம் 2016. நிர்வாகம் வேற ரூட் எடுத்தது: இப்போ தோத்தாலும் பரவாயில்ல, பிக்குகளைச் சேர்ப்போம். 2016ல 1 வெற்றி, 15 தோல்வி. 2017ல 16 ஆட்டமும் தோல்வி. ரெண்டு வருஷத்தில் 32 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. 2018 ஜனவரியில், உறையற குளிர்ல, ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுத்தி ஒரு ஊர்வலம் போனாங்க. பேர் "பர்ஃபெக்ட் சீசன் பரேட்". பூஜ்ஜியம் வடிவத்தில் நடக்கணும்னுதான் ஸ்டேடியத்தைச் சுத்தினதே!

இவ்வளவு அவமானத்துக்கும் கூலியா கிடைச்சது 2018 டிராஃப்ட்ல 1ஆம் பிக், 4ஆம் பிக் ரெண்டும். அந்த ஏப்ரல்ல கிளீவ்லேண்ட் ரசிகன் மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. ஃபைனல் இயர்ல அரியரோட நிக்கிறவன் கையில ரெண்டு ஆஃபர் லெட்டர் மாதிரி.

ஏன் பயம்?

சந்தோஷமா மட்டும் இருக்க முடியாது. காரணம் கணக்கில் இருக்கு.

கேட் மாஸி, ரிச்சர்ட் தாலர்னு ரெண்டு பேராசிரியர்கள் டிராஃப்ட் டேட்டாவை எடுத்து ஆராய்ஞ்சாங்க. (தாலர் பின்னாடி 2017ல பொருளாதார நோபல் வாங்கினார்.) ஒரே பொசிஷன்ல அடுத்தடுத்து எடுக்கப்பட்ட ரெண்டு பேரை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. முதல்ல எடுக்கப்பட்டவர் அடுத்தவரை விட நல்லா வர்றதுக்கான வாய்ப்பு எவ்வளவு? வெறும் 52 சதவீதம்.

காசு சுண்டிப் போட்டா 50. இத்தனை ஸ்கவுட், இத்தனை வீடியோ, பிப்ரவரி கடைசியில கம்பைன்னு ஒரு கேம்ப்ல 40 கெஜம் ஓட விட்டு, உயரம் தாண்ட விட்டு, உள்ளங்கை அகலம் வரைக்கும் அளந்து, இன்டர்வியூவும் வச்சு, கடைசியில கூடக் கிடைக்கிறது 2 சதவீதம்.

ஸ்கவுட்கள் முட்டாள்கள்னு அர்த்தம் இல்ல. நல்ல பிளேயர் யாரு, சுமார் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். பக்கத்து பக்கத்தில் இருக்கிற ரெண்டு நல்ல பிளேயர்களைப் பிரிக்கிறதுதான் கஷ்டம். காலேஜ் ஆட்டத்தோட வேகம் வேற, என்எஃப்எல் வேகம் வேற. நடுவுல காயம், கோச் மாறுறது, டீம்ல கூட ஆடுறவங்க, எல்லாம் சேர்ந்துதான் ஒருத்தனை உருவாக்குது. சிஜிபிஏ பார்த்து அஞ்சு வருஷம் கழிச்சு யார் நல்ல இன்ஜினியர்னு சொல்ற மாதிரி.

2000 டிராஃப்டில் டாம் பிரேடி 199ஆவது ஆளா எடுக்கப்பட்டார். பின்னாடி 7 சூப்பர் போல் ஜெயிச்சார். அதே டிராஃப்டில் 183ஆவது இடத்தில் கிளீவ்லேண்ட் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தது. ஆனா அது வேற ஒருத்தர்!

2018லயும் பாருங்க. 1ஆம் பிக்கில் பேக்கர் மேஃபீல்ட், 4ஆம் பிக்கில் டென்ஸல் வார்ட். ரெண்டு பேருமே நல்ல பிளேயர்கள்தான். ஆனா அன்னைக்கே 7ஆவதா போன குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன், 32ஆவதா போனவர் லமார் ஜாக்சன். ரெண்டு பேருமே பின்னாடி லீக்கின் எம்விபி ஆனாங்க, லமார் ரெண்டு தடவை. அந்த லமாரை எடுத்தது யாரு? பால்டிமோர்.

அதை விடப் பெரிய பயம்

தப்பான ஆளை எடுத்துடுவாங்களோங்கிறது ஒரு பயம். எடுத்த ஆளுக்கு டைம் கொடுக்க மாட்டாங்களோங்கிறது அதை விடப் பெரிய பயம்.

பிக்குகளைச் சேர்த்து வச்ச நிர்வாகி சாஷி பிரவுன், 2017 சீசன் முடியறதுக்கு முன்னாடியே நீக்கப்பட்டார். அந்த 1, 4 பிக்குகளைப் பயன்படுத்தினது வேற ஒருத்தர். ஆனாலும் திட்டம் மெல்ல பலிச்சது. 2017ல முதல் பிக்கா வந்த மைல்ஸ் காரெட் லீக்கின் பெரிய டிஃபென்ஸ் பிளேயர் ஆனார். மேஃபீல்ட் தலைமையில் 2021 ஜனவரியில் பரம எதிரி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 48-37ன்னு பிளேஆஃப்ல ஜெயிச்சாங்க. 1995 ஜனவரிக்கு அப்புறம் முதல் பிளேஆஃப் வெற்றி.

அடுத்த சீசன் மேஃபீல்டுக்குத் தோள்ல காயம், டீம் தடுமாறுச்சு. நிர்வாகத்துக்குப் பொறுமை போயிடுச்சு. 2022 மார்ச்சில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸிடம் இருந்து டிஷான் வாட்சனை வாங்கினாங்க. விலை: 3 முதல் ரவுண்ட் பிக்குகள், கூடவே இன்னும் சில பிக்குகள். அவருக்கு 5 வருஷத்துக்கு 230 மில்லியன் டாலர், முழுக்க உத்தரவாதம். அப்போ அவர் மேல 20க்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் சிவில் வழக்குகள் போட்டிருந்தாங்க. அவர் மறுத்தார், கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகல. லீக் அவருக்கு 11 ஆட்டம் தடை போட்டது. பல ரசிகர்கள் அன்னைக்கு மனசு விட்டுப் போனதுக்குக் காரணம் ஃபுட்பால் மட்டும் இல்ல.

முதல் மூணு சீசன்ல 51 லீக் ஆட்டங்களில் அவர் ஆடினது 19. இதே வாட்சன் 2017 டிராஃப்டில் வந்தவர்தான். அவரை எடுக்க ஹூஸ்டன் பயன்படுத்தின 12ஆம் பிக், கிளீவ்லேண்ட் கைமாத்திக் கொடுத்த பிக்!

ஹூஸ்டன் என்ன பண்ணுச்சு? 2023 டிராஃப்டில் தன்னோட 2ஆம் பிக்கில் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தது. கிளீவ்லேண்டிடம் வாங்கின 12ஆம் பிக்கோட இன்னும் சிலதைச் சேர்த்துக் கொடுத்து 3ஆம் பிக்குக்கு ஏறி, வில் ஆண்டர்சனையும் எடுத்தது. ரெண்டு பேரும் அந்த சீசனின் சிறந்த புதுமுகங்கள், ஒருத்தர் அஃபென்ஸ்ல, ஒருத்தர் டிஃபென்ஸ்ல. 2024 ஜனவரி பிளேஆஃப்ல ஹூஸ்டன் எதிர்த்து ஆடின டீம் கிளீவ்லேண்ட். ஸ்கோர் 45-14. யாருக்குன்னு சொல்லணுமா?

சின்ன பிராபபிலிட்டி

ஒரு பிக் நல்லா வர்ற வாய்ப்பு 50 சதவீதம்னு சும்மா வச்சுப்போம். ஒரு பிக் இருந்தா 50. மூணு பிக் இருந்தா, ஒருத்தராவது நல்லா வர்ற வாய்ப்பு 87.5 சதவீதம். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச அதே கணக்குதான். யாரை எடுக்கணும்ங்கிறதுல நாம பெரிய கெட்டிக்காரனா ஆக முடியாதுன்னா, எத்தனை தடவை எடுக்கிறோம்ங்கிறதைக் கூட்டலாம். மாஸி, தாலர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: உச்சியில் இருக்கிற பிக்குக்கு டீம்கள் அளவுக்கு மீறி விலை கொடுக்கறாங்க.

2025ல கிளீவ்லேண்ட் கையில 2ஆம் பிக். காலேஜ் ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கின டிராவிஸ் ஹன்டர் ரெடியா இருந்தார். பிரவுன்ஸ் அந்த பிக்கை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துட்டு, 5ஆம் பிக், 36ஆம் பிக், 2026 முதல் ரவுண்ட் பிக் எல்லாம் வாங்கிக்கிட்டாங்க. குவாட்டர்பேக்குக்கும் ஒரே பந்தயம் கட்டாம மூணாவது ரவுண்ட்ல ஒருத்தர், அஞ்சாவது ரவுண்ட்ல ஒருத்தர்னு ரெண்டு பேரை எடுத்தாங்க.

இங்கதான் ரசிகன் ரெண்டா உடையறான். கணக்கு தெரிஞ்ச பாதி "சரியான முடிவு"ன்னு சொல்லும். இன்னொரு பாதிக்கு அந்த ஸ்டார்தான் வேணும், ஏன்னா நம்பிக்கைக்கு ஒரு முகம் தேவைப்படுது. "அடுத்த வருஷ முதல் ரவுண்ட் பிக்"ங்கிறதை ஜெர்சியில எழுதிக்க முடியாதே.

எனக்குத் தோணுறது இதுதான். பெர்ட் பெல் கண்டுபிடிச்ச சிஸ்டம் தோத்தவனுக்கு முதல் சான்ஸ் கொடுக்குது, அவ்வளவுதான். அந்த சான்ஸ் வீணானா அடுத்ததையும், அதுவும் போனா அதுக்கு அடுத்ததையும் தாங்குற பொறுமையைக் கொடுக்கல. அது டீம் நிர்வாகத்துக்கிட்ட இருக்கணும். ரசிகர்கள்கிட்ட அது நிறையவே இருக்கு. இல்லன்னா ஜனவரி குளிர்ல பூஜ்ஜியம் போட்டு நடந்துட்டு, ஏப்ரல்ல திரும்ப டிவி முன்னாடி உட்காருவாங்களா?

முதல் ரவுண்ட் அங்க வியாழன் ராத்திரி 8 மணிக்கு. நமக்கு வெள்ளிக்கிழமை விடியக்காலை 5:30. ஒரு தடவை அலாரம் வச்சு எழுந்து பாருங்க. மேடையில் பேர் சொன்னதும் கட்டிப்பிடிச்சு அழற பையனை எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க கூட்டத்தில் ஆரஞ்சு ஜெர்சி போட்டிருக்கிறவங்க முகத்தையும் பாருங்க.