ஒளிப்படத் தொழிலும் காலமாற்றமும்

ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் புதிய நாட்காட்டி சுவரில் இடம்பெறும். அதில் முருகனோ திருமகளோ பல வண்ணங்களிற் பொலிந்து விளங்குவர். அவ்வுருவத்தைக் கண்டு கைகுவிப்போர் பலர். அதனைத் தீட்டிய ஓவியரை நினைப்போர் சிலர். அவ்வோவியம் ஆயிரமாயிரம் படிகளாகப் பெருகுவதற்கு இடைநின்று உழைத்த ஒளிப்படக்காரரை நினைப்போர் மிக அரியர்.

இத்தகைய நாட்காட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர், விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியாகும். மழை குறைந்த அக்கரிசற்பகுதியில் உழவை மட்டும் நம்பி வாழ்தல் அரிது. அவ்வூரினராகிய அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922 ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923 இல் ஊர் திரும்பி அதனைத் தொடங்கினர். தீப்பெட்டியின்மேல் ஒட்டுவதற்கு வண்ணச் சீட்டுகள் வேண்டியிருந்தன. பின்னர்ப் பட்டாசுக் கட்டுகளுக்கும் வண்ண உறைகள் வேண்டியிருந்தன. அவற்றை அச்சிட அச்சகங்கள் எழுந்தன. இவ்வாறு ஒரு தொழிலின் தேவை மற்றொரு தொழிலை ஈன்றது.

வண்ண அச்சுக்கு அடிப்படை ஒளிப்படமே. அச்சகத்துக் காமிரா கையில் ஏந்தும் சிறு கருவியன்று. ஓர் அறையையே அடைத்து நிற்கும் பெருங்கருவி. அதன்முன் ஓவியத்தை நிறுத்தி, ஒளி பாய்ச்சி, வண்ணக் கண்ணாடிகளின் வழியே தனித்தனியாகப் படம் எடுப்பர். சிவப்புக் கண்ணாடி வழியே எடுத்த படம் நீல மை விழவேண்டிய இடங்களைக் காட்டும். பச்சைக் கண்ணாடி வழியே எடுத்தது சிவப்பு மைக்கும், நீலக் கண்ணாடி வழியே எடுத்தது மஞ்சள் மைக்கும் உரியன. நிழற்பகுதிகளுக்கு வலிமையூட்டக் கறுப்பு மைக்கும் ஒரு படம் உண்டு. மேலும், நுண்கட்டங்கள் நிறைந்த திரையொன்றின் உதவியால் அப்படங்களைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிப்பர். பெரும்புள்ளி செறிந்த நிறத்தையும், சிறுபுள்ளி மென்மையான நிறத்தையும் தரும். நான்கு நிறங்களும் மயிரிழையும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினாலன்றி இறைவன் திருமுகமும் மங்கிக் கலங்கித் தோன்றும். இருட்டறையில் பிலிமைக் கழுவும் காலம் சற்று மிகினும் குறையினும் உழைப்பு வீணாகும். ஆதலின் அப்பணியாளர்க்குக் கூரிய கண்ணும் தளராப் பொறுமையும் இன்றியமையாதனவாயின.

அச்சகத்திற்கு வெளியேயும் ஒளிப்படக்காரர் பலர் இருந்தனர். ஊர்தோறும் இருந்த படநிலையங்களில் மணமக்களும் மாணவர்களும் திரைச்சீலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். மின்னொளி எளிதிற் கிட்டாத காலத்தில், மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து கொளுத்தி, கண்ணைப் பறிக்கும் ஒளியை உண்டாக்குவது வழக்கம். இம்முறையை 1887 இல் செருமானியர் இருவர் கண்டறிந்தனர். உலோகப் பொடி எரிந்து ஒளி வீசுதலே மத்தாப்பின் இயல்புமாம். ஆகவே, சிவகாசியின் வாணவேடிக்கைக்கும் அக்கால ஒளிப்படக்காரரின் விளக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. சிறிது கவனம் பிழைத்தாலும் கை வெந்துபோம் என்னும் அச்சமும் இரண்டற்கும் பொதுவாகும். பின்னாளில் கண்ணாடிக் குமிழினுள் ஒளிரும் விளக்கும், அதன்பின் மின்னணு விளக்கும் வந்து அவ்விடரை நீக்கின.

தொழில் மாறும்போது கலைஞர் எவ்வாறு பிழைப்பது? இவ்வினாவிற்கு விடையாக விளங்கியவர் கொண்டையராஜு ஆவார். 1898 இல் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை தீட்டும் பணியில் அமர்ந்தார். திரைப்படத்தின் வரவால் நாடகக் குழுக்கள் நலிந்தன. 1940 களில் இவரும் இவர்தம் மாணவரும் சிவகாசிக்கு அணித்தாகிய கோவில்பட்டியிற் தங்கிக் கலைக்கூடம் ஒன்றை அமைத்தனர். அங்கே ஒளிப்படத் தொழிலும் ஓவியமும் ஒருங்கே நடைபெற்றன. இவரும், சுப்பையா, இராமலிங்கம் முதலிய இவர் மாணவரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி இல்லந்தோறும் சென்றன. நாடக மேடையில் ஒளியும் நிழலும் அறிந்த கை, நாட்காட்டியிலும் அதனையே பயன்படுத்திற்று. மேடை மறைந்தது, கை அறிந்த கலை மறையவில்லை. கொண்டையராஜு 1976 இல் மறைந்தார்.

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. பிலிம் உள்நாட்டிலேயே கிடைத்தல் வேண்டும் என்னும் நோக்குடன் 1960 இல் அரசு உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிற்று. ஆயினும், பிலிமே வேண்டாத காமிரா ஒன்றை 1975 இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஒருவர் உருவாக்கினார். பிலிம் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய அந்நிறுவனமோ அப்புதுமையை உரிய காலத்திற் கைக்கொள்ளத் தயங்கி, 2012 இல் நொடித்து, நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. உதகை நிறுவனமும் மூடப்பட்டது.

சிவகாசி அச்சகங்களிலும் பெருங்காமிராவின் இடத்தைக் கணிப்பொறி பெற்றது. நிறங்களைக் கணிப்பொறியே பிரிக்கின்றது. பிலிம் இன்றியே அச்சுத் தகடு உருவாகின்றது. இருட்டறைகள் பயனற்றன. பல ஆண்டுகள் பயின்ற திறன் ஓரிரவில் விலையிழந்தாற்போன்ற துயரம், அத்தொழிலில் முதிர்ந்தோர் பலர்க்கு நேர்ந்தது. அவருட் சிலர் வேறு தொழில் நாடினர். அத்துயரை எளிதென்று கருதல் தகாது. கைத்தொழிலை இழப்பது ஊதியத்தை மட்டுமன்றி மதிப்பையும் இழப்பதாகும்.

எனினும், புதிய கருவியைக் கற்றோர்க்குப் பழைய அறிவு துணைநின்றது. திரையில் தோன்றும் நிறமும் தாளில் விழும் நிறமும் ஒன்றல்ல. முகத்தின் நிறம் மிகுதியாகச் சிவந்ததா, மஞ்சள் குறைந்ததா என்பதைத் துணியக் கண் பழகியிருத்தல் வேண்டும். மணவிழாவில் எந்த நொடியில் மணமகளின் தாய் கண்கலங்குவாள் என்பதைக் கருவி அறியாது. கருவியை ஏந்தியவரே அறிவார். இன்று கைப்பேசியால் எவரும் படம் எடுக்கலாம். ஆயினும், ஒளி எங்கிருந்து விழுகின்றது, நிழல் எதனை மறைக்கின்றது என்று ஆராய்ந்து எடுப்பவரே ஒளிப்படக் கலைஞர்.

கருவி காலந்தோறும் மாறும். கருவியை மட்டும் கற்றவன் அதனோடு பின்தங்குவான். கருவியின் வழியே ஒளியின் இயல்பைக் கற்றவன் அடுத்த கருவியையும் தன்வயமாக்குவான். ஒரு தொழிலைப் பயிலும் இளைஞர், அதன் கருவியோடு அதன் உட்பொருளையும் கற்பாராயின், காலமாற்றத்தைக் கண்டு அவர் கலங்க வேண்டுவதில்லை.