எந்த வாத்தியத்தை நான் ஊத வேண்டும்?



எங்கள் கொல்லிமலைப் பங்கில் பிள்ளைகளுக்கென்று ஒரு பேண்டு குழு தொடங்கலாம் எனப் பங்குப் பேரவையில் முடிவு செய்தோம். இதுவரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் சமவெளியிலிருந்துதான் பேண்டு குழுவை அழைத்து வந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர்கள் மேலே வர வேண்டும். வண்டி வாடகை, கூலி, சாப்பாடு என்று திருவிழா வரியில் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும். திருவிழாவுக்காவது வரி பிரிக்கலாம். ஆனால் ஓர் ஏழை வீட்டில் சாவு விழுந்தால், மறுநாள் அடக்கத்துக்குள் பேண்டை வரவழைக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. வசதியுள்ளவர் வாத்திய முழக்கத்தோடு கல்லறைக்குப் போகிறார். இல்லாதவர் மௌனமாகப் போகிறார். இந்த வேறுபாடு பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தியது.

நல்ல மனம் கொண்ட சிலர் பழைய வாத்தியங்களைக் கொடுத்து உதவினார்கள். டிரம்பெட் மூன்று, ஈஃபோனியம் இரண்டு, டிராம்போன் ஒன்று, பெரிய பேஸ் ஒன்று. பெயர் கொடுத்த பிள்ளைகள் 16 பேர். "யாருக்கு எது வேண்டும்?" என்று கேட்டேன். 13 பேர் ஒரே குரலில், "டிரம்பெட், ஃபாதர்!" என்றார்கள். மூலையில் இருந்த பேஸை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், இப்படியொரு குழுவைத் தொடங்க நினைக்கும் மற்றப் பங்குகளுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

விவிலியத்தில் எக்காளம்

எண்ணிக்கை நூலின் 10-ஆம் அதிகாரத்தில், வெள்ளியை அடித்து இரண்டு எக்காளங்கள் செய்யும்படி ஆண்டவர் மோசேக்குக் கட்டளையிடுகிறார். இரண்டையும் ஊதினால் மக்கள் எல்லாரும் கூட வேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் மட்டும் வர வேண்டும். பாளையம் புறப்படுவதற்கும், போருக்கும், திருவிழாவுக்கும் அவற்றை ஊத வேண்டும். அதாவது, எக்காளம் ஊதுபவரின் பெருமைக்காக அல்ல, மக்களை ஒன்றுசேர்ப்பதற்காகவே கொடுக்கப்பட்டது. எக்காளம் தெளிவாக ஒலிக்காவிட்டால் யார்தான் போருக்கு ஆயத்தமாவார் என்று புனித பவுலும் கேட்கிறார் (1 கொரி 14:8).

திருச்சபையும் இதில் கவனமாகவே இருந்துள்ளது. திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1903-இல் வெளியிட்ட மடலில், ஆலயத்துக்குள் பேண்டு வாசிப்பதைத் தடை செய்தார். வெளியே நடக்கும் பவனிகளில் ஆயரின் அனுமதியோடு வாசிக்கலாம், ஆனால் உலகியல் பாடல்கள் கூடாது என்று வழிகாட்டினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் (எண் 120), இறைவழிபாட்டுக்குத் தகுந்தவையும், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையும், இறைமக்களின் பக்தியை வளர்ப்பவையுமான பிற இசைக்கருவிகளையும் ஏற்றுக்கொள்ளலாம் என்றது. தேர்பவனியில் சினிமாப் பாட்டு வாசிப்பதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை. 1903-லேயே அதற்குப் பதில் இருக்கிறது.

பித்தளை வாத்தியம் எப்படி ஒலிக்கிறது?

தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பித்தளையால் செய்தது எல்லாம் பித்தளை வாத்தியம் ஆகிவிடாது. சாக்சபோன் பித்தளைதான். கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்றார். ஆனால் அதில் ஒலி பிறப்பது ஒரு நாணல் பட்டையில். ஆகவே அது கிளாரினெட்டின் குடும்பம். டிரம்பெட் குடும்பத்தில் ஒலி பிறப்பது ஊதுபவரின் உதட்டில். உதடுகளைச் சேர்த்து வண்டு முரல்வதுபோல் அதிரவிட்டால், அந்த அதிர்வைக் குழாய் பெரிதாக்குகிறது. உதடு அதிராவிட்டால் எவ்வளவு பலமாக ஊதினாலும் வெறும் காற்றுதான் வரும்.

நம் முன்னோர் ஊதிய கொம்பும் தாரையும் இதே முறையில் ஒலிப்பவையே. அவற்றில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ச, ப, மேல் ச, க, ப என்று சில ஸ்வரங்களை மட்டுமே எழுப்ப முடியும். இடையில் உள்ளவை வாரா. 1818-இல் ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இருவர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதலான குழாய் வழியே சுற்றிப் போகிறது. நடு வால்வு அரை ஸ்வரம், முதல் வால்வு ஒரு ஸ்வரம், மூன்றாம் வால்வு ஒன்றரை ஸ்வரம் இறக்கும். இப்படித்தான் விடுபட்ட ஸ்வரங்கள் எல்லாம் கிடைத்தன.

குழாயின் நீளத்தைக் கொண்டு குரல் அமைகிறது. டிரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய நாலரை அடி. ஈஃபோனியமும் டிராம்போனும் 9 அடி. ஆகவே ஒரு ஸ்தாயி கீழே. பெரிய பேஸ் 18 அடி வரை. இன்னும் ஒரு ஸ்தாயி கீழே.

எந்தப் பிள்ளைக்கு எது?

முதலில் வாத்தியத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வெறும் உதட்டை அதிரவிடச் சொல்லுங்கள். பிறகு மவுத் பீஸை மட்டும் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். டிரம்பெட்டின் மவுத் பீஸ் சிறியது. ஈஃபோனியம், டிராம்போனுடையது பெரியது. பேஸுடையது அதைவிடப் பெரியது. மெல்லிய உயர்ந்த ஒலி எளிதாக வரும் பிள்ளைக்கு டிரம்பெட் பொருந்தும். தாழ்ந்த, தடித்த ஒலி எளிதாக வருபவருக்குப் பெரிய மவுத் பீஸ் பொருந்தும். தடித்த உதடு இருந்தால் டிரம்பெட் வராது என்று சொல்வதை நம்ப வேண்டாம். பார்த்து முடிவு செய்வதைவிட, ஊதிக் கேட்டு முடிவு செய்வதே சரி.

டிரம்பெட்: ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடை. தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற எளிது. மெட்டை முன்நின்று வாசிப்பது இதுதான். ஆனால் தவறு செய்தால் ஊருக்கே கேட்கும். உயர்ந்த ஸ்வரங்களுக்கு உதடு விரைவில் களைத்துவிடும். முன்பற்கள் விழுந்து முளைக்கும் வயதில் தொடங்க வேண்டாம். நிலைப்பற்கள் நன்கு வந்தபின் தொடங்கலாம்.

ஈஃபோனியம்: மனிதக் குரலுக்கு நெருங்கிய, கனிந்த ஒலி. டிரம்பெட் ஓய்வெடுக்கும் இடத்தில் மெட்டைத் தாங்கிப் பிடிக்கும். தொடங்குபவருக்கு முதல் ஒலி பெரும்பாலும் இதில் எளிதாக வரும். எடை நாலைந்து கிலோ. சிறு பிள்ளைகளுக்குத் தோள்வார் தேவை.

டிராம்போன்: இதற்கு வால்வு இல்லை. குழாயை இழுத்து ஏழு இடங்களில் நிறுத்தி ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி இடத்துக்குச் சிறு பிள்ளையின் கை எட்டாது. வயலினைப் போல, காதுதான் இதற்கு வழிகாட்டி. பாடகர் குழுவில் சுருதி சேர்ந்து பாடும், கை நீண்ட பிள்ளைக்குக் கொடுங்கள்.

பேஸ்: மெட்டு இதற்குக் கிடையாது. தாளத்துக்கும் சுருதிக்கும் அடித்தளம் இதுதான். இது நின்றுவிட்டால் மற்ற எல்லாரும் தடுமாறுவார்கள். மூச்சு அதிகம் வேண்டும். பொறுமை அதைவிட அதிகம் வேண்டும்.

பெற்றோர் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. டிரம்பெட்டுக்கும் ஈஃபோனியத்துக்கும் விரல் வைப்பு ஒன்றே. ஒன்றைக் கற்றவர், மவுத் பீஸுக்கு உதட்டைப் பழக்கிக்கொண்டால் மற்றொன்றுக்கு மாறலாம். எனவே முதலில் எடுப்பது ஆயுள் முழுவதற்குமான கட்டு அல்ல.

வாங்கும்போதும் வாசிக்கும்போதும்

நம் நாட்டுப் பேண்டு வாத்தியங்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், ஜாலி கோட்டி பகுதியில் செய்யப்படுகின்றன. பழையதை வாங்கினால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். வால்வுகள் அழுத்தியதும் தடையின்றித் திரும்பி எழுகின்றனவா, இழுக்கும் குழாய்கள் அசைகின்றனவா, மவுத் பீஸ் இறுகிச் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மவுத் பீஸ் இருக்கட்டும். ஒருவர் ஊதியதை அப்படியே மற்றவர் ஊதினால் சளியும் காய்ச்சலும் தொற்றும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஊதுவதைவிட, காலையும் மாலையும் கால் மணி நேரம் ஊதுவது நல்லது. உதடு களைத்தபின் வாத்தியத்தை அழுத்திப் பிடித்து ஊதினால் உதடு புண்ணாகும்.

நம் மலைக்கு ஒரு தனிக் குறிப்பு. மார்கழி விடியலில் குழாயினுள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். 10 டிகிரி குறைந்தால் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும். அப்போது ஆர்மோனியத்தோடு சேராது. எனவே சுருதி சேர்ப்பதற்கு முன் சில நிமிடங்கள் வாய்ச்சூட்டுக் காற்றை ஊதிக் குழாயைச் சூடாக்குங்கள்.

நான் செய்த தவறு

இவ்வளவும் எழுதும் நான், ஒரு காலத்தில் இதைச் சரியாகச் செய்யவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு பங்கில் பேண்டு குழு தொடங்கினேன். அன்று யாரையும் ஊதவிட்டுக் கேட்கவில்லை. ஆலயத்துக்கு அதிகம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு டிரம்பெட்டைக் கொடுத்தேன். கடைசியாக ஒரு கூலித் தொழிலாளியின் மகன் நின்றான். "தம்பி, உனக்கு இதுதான் மிச்சம்" என்று சொல்லி ஈஃபோனியத்தைக் கொடுத்தேன். இரண்டு வாரம் வந்தான். பிறகு வாத்தியத்தைத் துடைத்து, பையில் போட்டு, ஆலய வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு வாத்தியம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவனுடைய அம்மாதான் பிறகு சொன்னார்: "வாத்தியம் அவனுக்குப் பிடிச்சிருந்துச்சு சாமி. மிச்சம்னு நீங்க சொன்னதுதான் பிடிக்கல."

கண் கையைப் பார்த்து, நீ எனக்குத் தேவையில்லை எனச் சொல்ல முடியாது என்று பவுல் கற்பிக்கிறார் (1 கொரி 12:21). அந்தப் பகுதியை வைத்து எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால் ஒரே சொல்லில் அதை மறுத்தும் இருக்கிறேன். கிறிஸ்துவின் உடலில் மிச்சம் என்று ஓர் உறுப்பு இல்லை.

ஆகவே இம்முறை எல்லாரையும் ஊதவைத்துக் கேட்டோம். முடிவு செய்வதற்கு முன் ஒரு பக்கமாகச் சாயாத மனம் வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் கற்பிக்கிறார். பிள்ளைகளிடம் அதை எளிய சொற்களில் சொன்னேன்: "உனக்கு எது பிடிக்கும் என்று கேள், உனக்கு எது வருகிறது என்று பார், குழுவுக்கு எது தேவை என்று யோசி. மூன்றும் சேரும் இடத்தில் கடவுள் உன்னை அழைக்கிறார்."

பேஸில் முதல் முறையிலேயே முழு ஒலி எழுப்பியது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு சாமி?" என்று அவளுடைய பாட்டி கேட்டார். "சுமை தூக்கி மலை ஏறுவது யாருங்க பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டார். டிரம்பெட் கிடைக்காத சிலர் முகம் வாடினார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. ஒருவன் இன்னும் மனம் ஆறவில்லை. அவனோடு தொடர்ந்து பேசி வருகிறேன்.

கடந்த நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவுநாளில், எங்கள் குழு முதல்முறையாகக் கல்லறைத் தோட்டத்தில் வாசித்தது. தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதை நான்கு முறை வாசித்தார்கள். டிரம்பெட் இரண்டு இடத்தில் தவறியது, பேஸ் தவறவில்லை. பெயர் எழுதிய கல் உள்ள கல்லறைக்கும், வெறும் மண்மேடாகக் கிடக்கும் கல்லறைக்கும் ஒரே பாட்டுதான் கேட்டது.

அன்பார்ந்தவர்களே, நவம்பர் 22 இசைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அன்று உங்கள் பங்கில் வாசிக்கும் பிள்ளைகளுக்காகச் செபியுங்கள். முன்னால் நிற்பவரை மட்டுமல்ல, பின்னால் பெரிய குழாயைச் சுமந்து நடப்பவரையும் ஒருமுறை பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நம் ஒவ்வொருவருக்கும் ஏற்ற பணியைக் காட்டி, அதை மனமுவந்து செய்யும் வரத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.