வீரவல்லாளனின் கொங்கு: அன்றும் இன்றும்

பல்லடத்தில் கிழக்கே போகும் பஸ் ஏறினால் காங்கயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சி. மேற்கே ஏறினால் சூலூர் தாண்டிக் கோவை. அங்கிருந்து வடக்கே பவானிசாகர். இந்த இரண்டு திசையிலும் ஒரே அரசனின் கதை கிடக்கிறது. திருச்சிப் பக்கம் அவன் பகைவரிடம் பிடிபட்டான். பவானிசாகர் பக்கம் அவன் காலத்துக் கோட்டை தண்ணீருக்குள் கிடக்கிறது. அவன் மூன்றாம் வீரவல்லாளன். போசளப் பேரரசின் கடைசிப் பெருவேந்தன்.

1292 வாக்கில் அவன் பட்டமேறியபோது தலைநகர் துவாரசமுத்திரம். கொங்குச் சோழர்களும் பின்னர் பாண்டியர்களும் ஆண்ட கொங்கு நாடு, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் ஆட்சிக்குள் வந்தது. மைசூர்ப் பக்கமிருந்து கொங்குக்கு இறங்க கஜலட்டிக் கணவாய் முக்கிய வழி. அந்த வழியைக் காக்க, பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் டணாயக்கன்கோட்டை எழுந்தது. அங்கிருந்து அதிகாரம் செலுத்தியவர்கள் பெருமாள் தண்டநாயகனும் அவன் மகன் மாதவ தண்டநாயகனும். மாதவனுக்கு நீலகிரி சாதாரன் என்ற பட்டமும் உண்டு. நீலகிரியை அடக்கியவன் என்று பொருள்.

வல்லாளனின் முதல் தவறு பேராசையில் விளைந்தது. மதுரையில் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்ட நேரம், தமிழ்நாட்டில் நிலம் பிடிக்கலாம் என்று படையோடு தெற்கே வந்தான். 1311இல் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தின் வாசலுக்கே வந்துவிட்டான். அரசன் அரக்கப்பரக்கத் திரும்பியும் பயனில்லை. யானை, குதிரை, கருவூலம் எல்லாவற்றையும் கொடுத்துப் பணிந்தான். 1327 வாக்கில் துக்ளக்கின் படை அதே நகரை மறுபடி நொறுக்கியது. அதன்பின் அவனுக்கு நிலையான தலைநகர் வாய்க்கவில்லை. திருவண்ணாமலைதான் நெடுநாள் புகலிடமாக இருந்தது.

டெல்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனி சுல்தானகம் கிளம்பியபோது அதை எதிர்த்து நின்றவனும் இவனே. எண்பது வயதைத் தாண்டிய நிலையில், 1342இல், இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். உள்ளே இருந்த மதுரைப் படைக்கு உணவு தீர்ந்துகொண்டிருந்தது. கோட்டையை ஒப்படைப்பது பற்றி சுல்தானைக் கேட்டுவர 14 நாள் தவணை கேட்டார்கள், கொடுத்தான். அந்தத் தவணைக்குள் சுல்தான் கியாசுதீனே படையோடு வந்துவிட்டான். போசளப் படை நடுப்பகல் உறக்கத்தில் இருந்தது, குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. கிழவனைப் பிடித்தார்கள். விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதைக் கண்ணால் கண்டதாக எழுதியவர் மொராக்கோ பயணி இபின் பதூதா. அவர் கியாசுதீனுக்குச் சகலை என்பதால், இதைப் பகைவரின் அவதூறு என்று தள்ளிவிட முடியாது.

இதே போல இன்னொரு பேரரசன் கதையும் உண்டு. பைசாந்தியத்தின் நான்காம் ரோமானோஸ் 1071இல் மன்சிகெர்ட் போரில் செல்ஜூக் சுல்தான் ஆல்ப் அர்சலானிடம் பிடிபட்டான். சுல்தான் அவனை மரியாதையாக நடத்தி அனுப்பிவைத்தான். ஊர் திரும்பியவனின் கண்களைக் குருடாக்கியவர்கள் அவனுடைய சொந்த நாட்டவரே. அந்தப் புண் ஆறாமல் இறந்தான். வல்லாளன் கதை நேர் எதிர். பகைவன் தோலை உரித்தான். பிறந்த மண்ணல்லாத ஓர் ஊர் அவனைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகன் என்பது திருவண்ணாமலையின் ஐதீகம். இன்றும் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய், கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். அவனுக்கு வீரவிருபாட்சன் என்ற மகன் இருந்ததை வரலாறு சொல்லும். அவன் மூன்றாண்டு தாக்குப்பிடித்தான். 1346இல் போசள ஆட்சி முடிந்தது, விஜயநகரம் தலையெடுத்தது. ஆனால் திதி நின்றபாடில்லை.

மற்ற இடங்கள் வெவ்வேறு விதமாக மாறின. துவாரசமுத்திரம் இன்று ஹளேபீடு. அங்குள்ள கோயில் பேலூர், சோமநாதபுரக் கோயில்களோடு 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கண்ணனூரில் போசளர் கட்டிய ஈசுவரன் கோயிலைத் தேடிப் போவோர் சிலர். சமயபுரத்து மாரியம்மனைத் தேடிப் போவோர் லட்சக்கணக்கானோர். மதுரையின் பழைய மதிலை 19ஆம் நூற்றாண்டில் இடித்துச் சாலையாக்கிவிட்டார்கள்.

கொங்கில் நடந்தது இன்னும் பெரிய மாற்றம். சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948இல், கீழ்பவானி அணை வேலை தொடங்கி 1955இல் முடிந்தது. டணாயக்கன்கோட்டையும் அங்கிருந்த மாதவப் பெருமாள் கோயிலும் நீர்த்தேக்கத்துக்குள் போயின. சாமிகளை மேட்டில் புதுக்கோயில் கட்டி வைத்தார்கள். அணையின் கொள்ளளவு 32.8 டிஎம்சி. அந்தத் தண்ணீரில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனமாகிறது. வறட்சி முற்றி நீர்மட்டம் அடிக்கு இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயில் சேற்றோடு வெளியே தெரியும்; கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள்.

கோட்டை மூழ்கியதற்காக அழ வேண்டியதில்லை. ஆற்றை ஒட்டாத வறண்ட காட்டில், கிணற்றையும் மழையையும் நம்பிப் பிழைத்தவர்களுக்குத்தான் வாய்க்காலின் அருமை தெரியும். பல்லடத்துக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் எப்படியோ, கீழ்பவானி ஆயக்கட்டுக்கு அந்த அணை அப்படி.

அக்காலக் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை என்று வரிகளின் பட்டியலே வரும். தறி வைத்திருந்தவன் அரசனுக்கு இறுக்க வேண்டியது அது. இன்று பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிகள் காடா துணி ஓட்டுகின்றன. தறிக்காரர் அஞ்சுவது நூல் விலைக்கும், ஏறாத கூலிக்கும், மின்கட்டணத்துக்கும், ஜிஎஸ்டிக்கும். ஊர்க் காடுகளில் சோளத்தட்டுக்குப் பதிலாகக் கறிக்கோழிப் பண்ணைகள் நீண்டு கிடக்கின்றன. பல்லடத்தில் அறிவிக்கும் கொள்முதல் விலையைத் தமிழ்நாட்டுப் பண்ணைக்காரர்கள் தினமும் பார்த்திருக்கிறார்கள். அன்று படையெடுப்புச் செய்தி தலைநகரிலிருந்து கணவாய் தாண்டி வந்தது. இன்று ஊரின் நிம்மதியைக் கெடுக்கும் செய்தி பஞ்சு விலையாகவோ தீவன விலையாகவோ அலைபேசியில் வந்துவிடுகிறது.

மாறியதில் குறையில்லை. மறந்ததில்தான் குறை. முப்பது ஆண்டுக்கு மேல் சுல்தானகங்களின் தாக்குதல்களுக்கு நடுவே தாக்குப்பிடித்த ஒருவனுக்குத் திருவண்ணாமலை ஆண்டுதோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறது. அவன் ஆட்சிக்குட்பட்ட கொங்கில் அவன் பெயர் தெரிந்தவர்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள் மட்டுமே. பவானிசாகர் அணைப் பூங்காவுக்கு நம் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். அணை கட்டிய ஆண்டைச் சொல்லும் ஆசிரியர்கள், அந்தத் தண்ணீருக்கடியில் இருப்பது யார் காலத்துக் கோட்டை என்பதையும், அவனுக்கு நேர்ந்த முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.