பழைய காரில் கியர் தாமதமாக மாறுவது ஏன்?

1969ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்னும் தானியங்கி கியர்பெட்டியில் கணினி கிடையாது. வண்டியின் வேகத்தைக் கவர்னர் என்னும் சுழல் உறுப்பும், எஞ்சினின் பளுவை அதன் காற்றுக்குழாய் வெற்றிடத்தைக் கொண்டு உணரும் மாடுலேட்டரும் எண்ணெய் அழுத்தமாக மாற்றித் தர, அவ்விரண்டின் இழுபறியே கியர் மாறும் தருணத்தை முடிவு செய்கிறது. பளு கூடினால் வெற்றிடம் குறையும் என்பதால், மாடுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டால், சமதரையில் மெல்லச் செல்லும் வண்டியும் மேடேறுவதாகவே கொள்ளப்பட்டு, கியர் தாமதமாகவும் உதறலோடும் மாறுகிறது. கிழிசல் வழியே எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரிப்பதால் வெண்புகை வரும். தரையில் ஒரு சொட்டும் கசியாமலே எண்ணெய் மட்டம் இறங்கும். கியர்பெட்டியைப் பிரிக்கும் வீண்செலவுக்கு முன், மாடுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்ப்பதே முறை. உள்ளே சிவப்பு எண்ணெய் தென்பட்டால் சவ்வு கிழிந்தது உறுதி, குழாய் உலர்ந்திருந்தும் எஞ்சின் ஓடுகையில் உறிஞ்சல் இல்லையெனில் குழாயே வெடித்தோ அடைத்தோ இருக்கும்.